கடலடித் தரையைத் தொடர மறுக்கும் ஆர்ஓவி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இது ஆர்டுசப் (வண்டியின் ஆட்டோபைலட் மென்பொருள்) 4.5 அல்லது அதற்குப் பிந்தைய ஃபர்ம்வேரில் ஓடும் புளூஆர்ஓவி2 வகைச் சிறு ஆர்ஓவிகளுக்கானது, அதாவது மேலிருந்து கேபிள் வழியே ஓட்டும் ஆளில்லா நீர்மூழ்கி வண்டிகளுக்கானது. கீழ்நோக்கிப் பொருத்திய பிங் சோனாரோ (ஒலி அனுப்பி எதிரொலியால் தூரம் அளப்பது) ஏ50 டிவிஎல்லோ (நான்கு ஒலிக்கற்றைகளால் வேகத்தையும் உயரத்தையும் அளப்பது) தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்லும். சர்ஃப்ட்ராக் மோடு அந்த இடைவெளியை மாறாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அப்படிப் போகாதபோது பலரும் முதலில் கை வைப்பது கெயின் அமைப்புகளில் (பிழையைத் திருத்த வண்டி எவ்வளவு வலுவாக எதிர்வினை காட்டும் என்ற எண்கள்). அவற்றைக் கடைசியில்தான் தொட வேண்டும். சோனார் பொருத்திய இடம், வண்டியின் மிதப்பு, தவறாகப் படித்த எதிரொலி ஆகிய மூன்றும் சரியென்று உறுதியான பிறகே கெயினுக்குப் போங்கள். கெயினை முதலில் மாற்றினால் பழைய கோளாறு அப்படியே இருக்க, மேலே புதியது ஒன்றும் சேர்ந்துவிடும்.

கீழே ‘ஆழம்’ என்பது நீர்மட்டத்திலிருந்து வண்டி வரை. ‘தரையுயரம்’ என்பது வண்டியிலிருந்து கடலடித் தரை வரை.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

சமதளமான மணல் தரைக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் வண்டியை நிறுத்தி, ஆழத்தை மாறாமல் பிடிக்கும் டெப்த் ஹோல்ட் மோடில் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு வண்டி பதிவுசெய்த லாக் கோப்பை இறக்கி, ஆழத்தையும் ரேஞ்ச்ஃபைண்டர் தூரத்தையும் (சோனார் சொல்லும் தரையுயரம்) ஒரே வரைபடத்தில் போடுங்கள். லாக்கில் ஆழம் எதிர்ம எண்ணாக வரும், குறியை நீக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டையும் கூட்டுங்கள். ஆழம் 6.20, தரையுயரம் 2.00 என்றால் தரையின் ஆழம் 8.20 மீட்டர். சமதளத்தில் நிற்கும்போது வண்டி எப்படி ஆடினாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறக் கூடாது.

* கூட்டுத்தொகை நேர்கோடாக இருந்து, ஆழமும் தரையுயரமும் எதிரெதிராக அலைந்தால் சோனார் உண்மை சொல்கிறது. வண்டிதான் ஆடுகிறது. அறிகுறி 3-க்குப் போங்கள்.
* ஆழம் அமைதியாக இருக்க, கூட்டுத்தொகை துள்ளினால் எதிரொலியில் கோளாறு. அறிகுறி 2 அல்லது 5.
* இரண்டும் அமைதியாக இருந்து, ஓடும்போது மட்டும் தொடர்தல் கெட்டால் அறிகுறி 1 அல்லது 4.

இந்த ஒரு கூட்டல் பல மணி நேர ஊகத்தை மிச்சப்படுத்தும். கீழே வரும் எல்லாப் பகுதிகளிலும் இதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோம்.

## அறிகுறி 1: மோடு மாறியது, ஆனால் வண்டி தரையைத் தொடரவில்லை

திரையில் சர்ஃப்ட்ராக் என்று காட்டும். தரை மேடேறும், வண்டி அதே ஆழத்தில் நேராகப் போய் மேட்டில் முட்டும். நல்ல தூர அளவு கிடைக்காதபோது சர்ஃப்ட்ராக் வெறும் ஆழத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். மோடின் பெயர் மாறாது என்பதால் ஓட்டுபவர் ஏமாந்துபோவார்.

தூர அளவு திரையில் வரவே இல்லை என்றால்

1. புளூஓஎஸ்-இல் (வண்டியின் கணினியில் ஓடி, உலாவியில் திறக்கும் மென்பொருள்) பிங் சோனார் பக்கத்தைத் திறந்து, சாதனம் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் யுஎஸ்பி-சீரியல் அடாப்டரும் அதன் கனெக்டரும்தான் முதல் சந்தேகம். சோனார் பேசும் வேகம் 115200 பாட்.
2. சாதனம் தெரிந்தும் அளவு வரவில்லை என்றால், அதே பக்கத்தில் மேவ்லிங்க் (ஆட்டோபைலட்டுக்குச் செய்தி அனுப்பும் நெறிமுறை) வழியே தூரத்தை அனுப்பும் சுவிட்ச் அணைந்திருக்கும். புதிதாக மென்பொருள் ஏற்றிய பிறகு மறந்துபோகும் இடம் இது.
3. ஆட்டோபைலட் அளவுருக்களில் முதல் ரேஞ்ச்ஃபைண்டரின் வகை 10 ஆக, அதாவது மேவ்லிங்க் ஆக, இருக்க வேண்டும். திசை 25, அதாவது கீழ்நோக்கி. வகையை மாற்றினால் ஆட்டோபைலட்டை மறுபடி துவக்க வேண்டும்.

அளவு வருகிறது, வண்டி பொருட்படுத்தவில்லை என்றால்

முதலில் அதிகபட்ச தூர அளவுருவைப் பாருங்கள். இயல்பாக அது 700 சென்டிமீட்டர். சோனார் பல பத்து மீட்டர் பார்க்கக்கூடியதாக இருந்தாலும், 7 மீட்டரைத் தாண்டிய அளவை ஆட்டோபைலட் ‘எல்லைக்கு வெளியே’ என்று தள்ளிவிடும். 10 மீட்டர் உயரத்தில் மோடை மாற்றிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு இதுதான் காரணம். உங்கள் வேலைக்குத் தேவையான உயரத்தைப் போல இருமடங்கு வைத்தால் போதும். மிகப் பெரிதாக வைத்தால் தவறான தொலைதூர எதிரொலிக்கும் கதவு திறந்துவிடும்.

அடுத்து, ஆழம். இயல்பு அமைப்பில் வண்டி அரை மீட்டராவது மூழ்கியிருந்தால்தான் தொடர்தல் தொடங்கும். நீச்சல்குளத்தின் ஆழமில்லாத ஓரத்தில் சோதிப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

கடைசியாக சிக்னல் தரம். குறைந்தபட்சத் தர அளவுரு இயல்பாக 90. மென்மையான சேற்றுத் தரையில் பிங் சோனார் 60, 70 என்று தரம் காட்டினால், அத்தனை அளவுகளும் நிராகரிக்கப்படும். இதை 70-க்குக் குறைப்பது சரியான தீர்வாக இருக்கலாம், ஆனால் கூட்டுத்தொகை சோதனையில் அந்த 70 தர அளவுகள் உண்மை சொல்கின்றன என்று பார்த்த பிறகுதான். பார்க்காமல் குறைத்தால் அறிகுறி 2-க்கு நீங்களே வழி போட்டுத் தருகிறீர்கள்.

இரண்டு உயரங்கள் மாறி மாறி வந்தால்

பிங் சோனாரும் டிவிஎல்லும் இரண்டும் பொருத்திய வண்டிகளில், இரண்டு செயலிகளும் ஒரே கீழ்நோக்குத் திசையில் தூரத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். பொருத்திய உயரம் 15 செ.மீ. வேறுபட்டால், அளவும் அந்த 15 செ.மீ. மேலும் கீழும் குதிக்கும். ஒன்றை அணையுங்கள். தரைக்கு மிக அருகில் வேலை என்றால் டிவிஎல்லை வைத்துக்கொள்ளலாம். ஏ50 குறைந்தபட்சம் 5 செ.மீ. வரை அளக்கும்.

## அறிகுறி 2: தரையுயரம் திடீரென இருமடங்காகி, வண்டி தரையில் இறங்குகிறது

இதைவிட ஆபத்தான கோளாறு தரை தொடர்தலில் இல்லை. தரை தூரத்தில் இருக்கிறது என்று சோனார் பொய் சொன்னால் கட்டுப்பாட்டு நிரல் தன் கடமையைச் சரியாகச் செய்து வண்டியைக் கீழே அழுத்தும். ஆகவே இந்த அறிகுறி ஒருமுறை தெரிந்தாலே அன்றைய ஓட்டத்தை உயரமாக வைத்துவிட்டுக் காரணம் தேடுங்கள். வண்டி இறங்கத் தொடங்கினால் ஜாய்ஸ்டிக்கை மேல்நோக்கித் தள்ளி, ஒரு மீட்டர் ஏறிய பிறகு டெப்த் ஹோல்டுக்கு மாறுங்கள். இறங்கிக்கொண்டிருக்கும்போதே மாறினால் வண்டி அந்தத் தாழ்ந்த ஆழத்தையே பிடித்துக்கொள்ளும்.

லாக்கில் அடையாளம் தெளிவாக இருக்கும்: 0.42, 0.40, 0.39, பிறகு 0.78, 0.77. ஆழம் மாறவில்லை, கூட்டுத்தொகை மட்டும் அதே அளவு எகிறியிருக்கும்.

நடப்பது இது. ஒலி தரையில் பட்டு மேலே வந்து, வண்டியின் அடிப்பாகத்தில் பட்டு மீண்டும் தரைக்குப் போய்த் திரும்புகிறது. இதுதான் இரண்டாம் எதிரொலி. தரை, சோனாரின் குறைந்தபட்ச எல்லைக்கு அருகில் வரும்போது முதல் எதிரொலி, டிரான்ஸ்டியூசர் (சோனாரின் ஒலி அனுப்பி வாங்கும் பகுதி) ஒலி அனுப்பிய பின் தொடரும் அதிர்வில் மூழ்கிவிடும். அப்போது இரண்டாம் எதிரொலிதான் பலமானதாகத் தெரியும். பிங்2 சோனாரின் குறைந்தபட்சம் 0.3 மீட்டர். பழைய மாடலில் 0.5 மீட்டர்.

ஆட்டோபைலட்டில் குறைந்தபட்ச தூரத்தை 50 செ.மீ. என்று வைத்தால் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். 40 செ.மீ. உயரத்தின் இரண்டாம் எதிரொலி 80 செ.மீ. அது எல்லைக்குள் ஒழுங்காக வந்து அமரும் எண்.

செலவில்லாத சரிசெய்தல்: உயரத்தைக் கூட்டுங்கள். சோனாரின் குறைந்தபட்சத்தைப் போல மூன்று மடங்கு உயரத்துக்குக் கீழே சர்ஃப்ட்ராக்கில் ஓட்டாதீர்கள். பிங்2 என்றால் 0.9 மீட்டர், பழையது என்றால் 1.5 மீட்டர். கேமரா தெளிவுக்காக இன்னும் தாழ வேண்டுமென்றால் அந்த வேலைக்கு இந்த சென்சார் பொருந்தாது. டிவிஎல் வாங்கும் முடிவு அங்கேதான் நியாயமாகிறது.

அடுத்தது: சோனாரை மேலே ஏற்றுங்கள். அடிச்சட்டத்தின் கீழ் விளிம்பிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் பொருத்தினால், வண்டி தரையில் உட்கார்ந்தாலும் தரையுயரம் 20 செ.மீ. இருக்கும். பிங்2 என்றால் பார்வையற்ற பகுதி வெறும் 10 செ.மீட்டராகச் சுருங்கும். ஆனால் ஒலிக்கூம்புக்குள் சட்டமோ வயரோ நீட்டக் கூடாது. கூம்பு சுமார் 30 டிகிரி அகலம் என்றால், 20 செ.மீ. கீழே அதன் ஆரம் 5.4 செ.மீ. ஓர விளிம்புகளில் ஒலி கசியும் என்பதால் 8 முதல் 10 செ.மீ. ஆரத்துக்கு இடம் விடுங்கள். தளர்ந்து தொங்கும் ஒரு கேபிள் டை போதும், 15 செ.மீட்டரில் ஒரு நிரந்தரப் பொய்த்தரை உருவாக.

சோதனை. வண்டியை ஒரு கம்பத்தில் கட்டி, தரையிலிருந்து 0.3, 0.4, 0.5, 0.75, 1, 2 மீட்டரில் வைத்து ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் அளவெடுங்கள். இருமடங்கு எங்கே தொடங்குகிறது என்று எழுதி வையுங்கள். அந்த உயரத்தோடு அரை மீட்டர் சேர்த்ததுதான் உங்கள் வண்டியின் உண்மையான குறைந்தபட்ச உயர வரம்பு. அதுவும் மேலே சொன்ன மூன்று மடங்கும் வேறுபட்டால் பெரியதையே எடுங்கள். டைல்ஸ் போட்ட குளத்தில் இரண்டாம் எதிரொலி மிகப் பலமாக வரும், சேற்றில் அநேகமாக வராது. ஆகவே குளத்தில் கிடைத்த வரம்பு கடலில் பாதுகாப்பானது. சேற்றில் கிடைத்ததைப் பாறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நிபுணரை அழைக்கும் இடம்: 1 மீட்டருக்கு மேலும் இருமடங்கு அளவு வருகிறது, டிரான்ஸ்டியூசர் முகத்தில் விரிசலோ கொப்புளமோ தெரிகிறது என்றால் நிறுத்துங்கள். அந்த முகம் வார்த்து மூடியது. வீட்டில் பிரித்து ஒட்டும் பாகமல்ல, மாற்ற வேண்டிய பாகம்.

## அறிகுறி 3: வண்டி மேலும் கீழும் அலைகிறது

கூட்டுத்தொகை நிலையாக இருக்கிறது என்று உறுதிசெய்துவிட்டீர்களா? பிறகு இதைக் கேளுங்கள்: டெப்த் ஹோல்டிலும் அலைகிறதா?

### டெப்த் ஹோல்டிலும் அலைகிறது

நீரலையா என்று பாருங்கள். அலைவின் காலம் 5 முதல் 10 விநாடி, மேலே கடலில் உருளும் அலையின் காலமும் அதுவே என்றால், ஆழத்தை அளக்கும் பிரஷர் சென்சார் தலைக்கு மேல் கடந்துபோகும் அலையை ஆழ மாற்றமாகப் படிக்கிறது. 5, 6 மீட்டர் ஆழத்தில் இது மிகச் சாதாரணம். எந்த கெயினும் இதைத் தீர்க்காது. ஆழமான இடத்துக்குப் போங்கள் அல்லது கடல் அடங்கும்வரை பொறுங்கள்.

காற்று மாட்டியிருக்கிறதா? வெளி உறையான ஃபேரிங்குக்குள், ஃபோம் துண்டுகளின் அடியில், குழாய்களில் சிக்கிய காற்று ஆழத்தோடு சுருங்கி விரியும். இறங்கும்போது வண்டி கனமாகும், ஏறும்போது லேசாகும். இறக்கியதும் நீர்மட்டத்தில் வண்டியை இரு பக்கமும் சாய்த்துக் குமிழிகளை வெளியேற்றுங்கள்.

மிதப்பை அளந்து பாருங்கள். மேனுவல் மோடில், த்ரஸ்டர் (வண்டியைத் தள்ளும் மோட்டார்) ஓடாமல், வண்டி மெதுவாக மேலே வர வேண்டும். 200 கிராம் அளவுக்கு நேர்மிதப்பு நல்ல தொடக்கம். நன்னீர்க் குளத்தில் சரிசெய்த வண்டியைக் கடலில் அப்படியே இறக்கினால் கணக்குத் தவறும். 11 லிட்டர் நீரை விலக்கும் வண்டிக்குக் கடல்நீர் சுமார் 275 கிராம் கூடுதல் மிதப்பைத் தரும். எடையைக் கூட்டாமல் விட்டால் செங்குத்து த்ரஸ்டர்கள் நாள் முழுக்கக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும்.

த்ரஸ்டரைப் பாருங்கள். செங்குத்து த்ரஸ்டர் ஒன்றில் புரொப்பெல்லர் விளிம்பு உடைந்திருந்தால், மீன்பிடி நரம்பு சுற்றியிருந்தால், வண்டி அலைவதோடு ஒருபக்கம் சாயவும் செய்யும். சாய்வு கூடவே வந்தால் கெயினை மறந்துவிட்டு த்ரஸ்டரைத் திறந்து பாருங்கள். பிரஷர் சென்சாரின் துளை ஒரு த்ரஸ்டரின் நீரோட்டத்துக்கு நேரே இருந்தாலும் இதே அலைவு வரும்.

### டெப்த் ஹோல்ட் அருமை, சர்ஃப்ட்ராக்கில் மட்டும் அலைகிறது

இங்கே காரணம் பெரும்பாலும் தாமதம். தூர அளவு விநாடிக்கு எத்தனை முறை வருகிறது என்று மேவ்லிங்க் கண்காணிப்புத் திரையில் பாருங்கள். விநாடிக்கு 5-க்குக் கீழே போனால் சோனாரின் தானியங்கி வரம்பை அணைத்து, 0 முதல் 10 மீட்டர் வரை என்று கையால் அமையுங்கள். தொலைவில் தேடும் நேரம் மிச்சமாகும்.

அடுத்து, சோனார் வண்டியின் நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது? 25 செ.மீ. முன்னால் இருந்து, வேகமெடுக்கும்போது மூக்கு 10 டிகிரி தாழ்ந்தால் அளவு 4 செ.மீட்டருக்கு மேல் குறையும். வண்டி ஏறும், மூக்கு நிமிரும், அளவு கூடும், வண்டி இறங்கும். சோனாரை நடுவுக்கு நகர்த்துவதே சரி. முடியாவிட்டால் எடைகளை நகர்த்தி மூக்கின் சாய்வைக் குறையுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் அலைந்தால்தான் கெயின். செங்குத்து நிலைக் கெயினை மட்டும், இப்போதிருக்கும் மதிப்பிலிருந்து 20 சதவீதம் குறைத்து ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அளவுருக்களை மாற்றாதீர்கள். மூன்று முறை குறைத்தும் அலைவு அடங்கவில்லை என்றால் பழைய மதிப்புகளைத் திரும்ப வைத்துவிட்டு, லாக்கோடு கட்டுப்பாடு தெரிந்தவரிடம் போங்கள்.

## அறிகுறி 4: சமதளத்தில் நன்றாகப் போகிறது, சரிவில் தடுமாறுகிறது

### மேட்டில் மூக்கு இடிக்கிறது

கணக்கு எளிது. முன்னோக்கிய வேகத்தைச் சரிவின் டான்ஜெண்டால் பெருக்கினால், வண்டி ஏற வேண்டிய வேகம் கிடைக்கும். விநாடிக்கு அரை மீட்டரில் 15 டிகிரி மேடு என்றால் விநாடிக்கு 13 செ.மீ. ஏற வேண்டும். அதே வேகத்தில் 30 டிகிரி என்றால் 29 செ.மீ. விநாடிக்கு ஒரு மீட்டரில் 30 டிகிரி என்றால் 58 செ.மீ. இரண்டே செங்குத்து த்ரஸ்டர் உள்ள வண்டி, டெதரையும் (மேலே படகோடு இணைக்கும் கேபிள்) இழுத்துக்கொண்டு, இந்தக் கடைசி எண்ணை எட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கீழ்நோக்கும் சோனார் மேடு காலடிக்கு வந்த பிறகுதான் சொல்லும். வண்டி எதிர்வினை காட்ட ஒரு விநாடி ஆனால், அதற்குள் 58 செ.மீ. தரையுயரம் போயிருக்கும்.

முதலில் வேகத்தைப் பாதியாக்குங்கள். இது எப்போதும் வேலைசெய்யும். பிறகு உயரத்தைக் கூட்டுங்கள். பாதை உங்கள் கையில் இருந்தால், சரிவில் ஏறி இறங்குவதைவிடச் சமவுயரக் கோட்டின்மேல் குறுக்காக ஓட்டுங்கள். மேல்நோக்கிய வேக வரம்பு அளவுரு தேவைக்குக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். த்ரஸ்டருக்குச் சக்தி இருந்தும் மென்பொருள் அதைப் பிடித்துவைத்திருக்கலாம். லாக்கில் செங்குத்து த்ரஸ்டர் வெளியீடு 1500-இலிருந்து (த்ரஸ்டர் நிற்கும் நிலை) விலகி, 1100 அல்லது 1900-இல் போய் ஒட்டிக்கொண்டு நின்றால் சக்தி தீர்ந்துவிட்டது. நடுவிலேயே நின்றால் வரம்பு அளவுருதான் தடை.

செலவுள்ள வழிகள் இரண்டு. ஒன்று நான்கு செங்குத்து த்ரஸ்டர் கொண்ட ஹெவி அமைப்பு. இன்னொன்று முன்னோக்கிச் சாய்த்த இரண்டாவது சோனார். 45 டிகிரி சாய்த்தால் 2 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் முன்னால் பார்க்கும். ஆனால் சர்ஃப்ட்ராக் கீழ்நோக்கு அளவை மட்டுமே பயன்படுத்தும் என்பதால், முன்னோக்கு அளவை வைத்து இலக்கை உயர்த்தத் தனி நிரல் எழுத வேண்டும். அதை எழுதிப் பழக்கமுள்ளவரிடம் ஒப்படைப்பதுதான் வண்டிக்கு நல்லது.

### இறக்கத்தில் தரையை விட்டுவிடுகிறது

பாறை விளிம்பைத் தாண்டியதும் தரை சட்டென்று 12 மீட்டர் கீழே போகும், 7 மீட்டர் வரம்பு தாண்டிவிடும், வண்டி ஆழத்தைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். இது கோளாறல்ல, அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கையால் இறக்கித் தரையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜாய்ஸ்டிக்கை விட்டதும் அப்போதைய தரையுயரமே புதிய இலக்காகும் என்பதை மறக்காதீர்கள்.

### பள்ளங்கள் தெரியவே இல்லை

30 டிகிரி கூம்பு 2 மீட்டர் உயரத்தில் 1.07 மீட்டர் விட்டமும், 5 மீட்டரில் 2.7 மீட்டர் விட்டமும் உள்ள வட்டத்தைப் பார்க்கிறது. அந்த வட்டத்தின் மிக அருகான புள்ளிதான் பெரும்பாலும் முதலில் திரும்பும். ஒரு மீட்டர் அகலக் குழாய்ப் பள்ளம் 5 மீட்டர் உயரத்திலிருந்து தெரியாது. இறங்கி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

## அறிகுறி 5: அளவு ஒழுங்கின்றித் துள்ளுகிறது, தரம் விழுகிறது

இறக்கிய முதல் சில நிமிடங்களில் மட்டும்: டிரான்ஸ்டியூசர் முகத்தில் ஒட்டிய காற்றுக் குமிழிகள். நீருக்குள் வைத்தே விரலால் முகத்தைத் துடையுங்கள். இறக்குவதற்கு முன் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பைத் தடவிவிட்டால் நீர் முகத்தோடு நன்றாக ஒட்டும். முகத்தை உரசும் எதையும், கரைப்பான் எதையும் பயன்படுத்தாதீர்கள்.

த்ரஸ்டர் ஓடும்போது மட்டும்: வண்டியை தரையில் உட்காரவிடாமல் கயிற்றில் தொங்கவிட்டு, த்ரஸ்டர் நிறுத்திய நிலையில் ஒரு நிமிடம், ஓட்டிக்கொண்டு ஒரு நிமிடம் அளவெடுங்கள். நிறுத்தியபோது சுத்தமாகவும் ஓட்டும்போது குப்பையாகவும் இருந்தால் மின்னிரைச்சல் அல்லது காற்றுக் குமிழி. நீர்மட்டத்துக்கு அருகில் த்ரஸ்டர் காற்றை இழுத்துக் கீழே அனுப்பும். 3 மீட்டர் இறங்கிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அங்கும் தொடர்ந்தால் சோனார் வயரை இஎஸ்சி (த்ரஸ்டர் வேகக் கட்டுப்படுத்தி), பேட்டரி வயர்களிலிருந்து பிரித்து வேறு பாதையில் கொண்டுபோங்கள்.

ஒழுங்கான இடைவெளியில் துள்ளினால்: வேறு ஒலிக்கருவியின் குறுக்கீடு. படகின் எக்கோ சவுண்டரையும் வண்டியின் மற்றக் கருவிகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பிங் சோனார் 115 கிலோஹெர்ட்ஸில் பாடுகிறது, ஏ50 டிவிஎல் 1 மெகாஹெர்ட்ஸில். இவை இரண்டும் பொதுவாக மோதிக்கொள்வதில்லை. ஒரே அதிர்வெண்ணில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் ஓடினால் மோதல் நிச்சயம்.

கடற்புல் மேல்: பாக் விரிகுடாவில் கடற்புல் படுகை மேல் ஓட்டுபவர்கள் இதைத் தினமும் சந்திப்பார்கள். புல்லின் இலைகளுக்குள் வாயு இருக்கிறது, வெயில் ஏறும்போது ஆக்சிஜன் குமிழிகளும் வெளிவரும். ஒலி இவற்றில் பட்டே திரும்பிவிடும். சோனார் ஒரு கணம் புல்நுனியையும் அடுத்த கணம் மணலையும் சொல்லும். தர வரம்பை உயர்த்துவதால் பயனில்லை, புல்நுனியின் எதிரொலியும் நல்ல தரத்தில்தான் வருகிறது. இலக்கு உயரத்தைப் புல்லின் உயரத்தோடு ஒரு மீட்டர் சேர்த்து வையுங்கள், அதிகாலையில் ஓட்டுங்கள். புல்லுக்குள் த்ரஸ்டரை இறக்கினால் சுற்றிக்கொள்ளும், படுகையும் கிழியும். கடற்பசுக்கள் மேயும் இடம் அது. அளவு எவ்வளவு துள்ளினாலும் அங்கே தாழ்ந்து ஓட்டாதீர்கள்.

துறைமுகச் சேறு மேல்: நீர் கலந்த மென்சேற்றுக்குள் குறைந்த அதிர்வெண் ஒலி ஊடுருவும். ஆழ அளவீட்டில் 33 கிலோஹெர்ட்ஸும் 200 கிலோஹெர்ட்ஸும் அங்கே வெவ்வேறு தரை காட்டுவது இதனால்தான். கேமராவில் சேறு நெருங்கிவிட்டதாகத் தெரிந்தும் சோனார் ‘இன்னும் 60 செ.மீ. இருக்கிறது’ என்றால் கேமராவை நம்புங்கள்.

## அறிகுறி 6: தரையைத் தொடர்கிறது, ஆனால் சேற்றைக் கிளப்புகிறது

வண்டி சற்றே கனமாக இருக்கிறது என்று அர்த்தம். கனமான வண்டி மேலே நிற்க த்ரஸ்டர் நீரைக் கீழே தள்ள வேண்டும், அந்த நீர்தான் சேற்றைக் கிளப்புகிறது. 200 கிராம் எடைத்துண்டு ஒன்றை எடுத்துவிடுங்கள். மிதப்பு நேர்மிதப்பானால் த்ரஸ்டர் வண்டியைக் கீழே அழுத்தும், நீர் மேல்நோக்கிப் போகும், தரை அமைதியாக இருக்கும். எடையை மாற்றிய பிறகும் கிளம்பினால் டெதரின் கனம் வண்டியைக் கீழே இழுக்கிறதா பாருங்கள். வண்டிக்குப் பின்னால் முதல் சில மீட்டரில் சிறு மிதவைகள் கட்டுங்கள். பயணத்தின் நடுவில் மட்டும் வண்டி கனமானால் அது வேறு கதை: நீர் உள்ளே போகிறது. உடனே மேலேற்றுங்கள்.

## அறிகுறி 7: எப்போதும் ஒரே அளவு பிழை

சோனாரின் முகத்திலிருந்து அடிச்சட்டம் வரையிலான தூரத்தைக் கழிக்க மறந்திருப்பீர்கள். அதைச் சரிசெய்த பிறகும் சிறு விகிதப் பிழை இருந்தால் ஒலிவேகம். சோனார் விநாடிக்கு 1500 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறது. 28 டிகிரி வெப்பமுள்ள கடல்நீரில் உண்மை வேகம் சுமார் 1540. 2 மீட்டர் உயரம் 1.95 ஆகத் தெரியும். தரை தொடர்தலுக்கு இது பொருட்டல்ல. தரை வரைபடம் எடுப்பவர்கள் மட்டும் திருத்துங்கள். அவர்கள் பாரோமீட்டரின் (ஆழம் அளக்கும் பிரஷர் சென்சார்) ஒப்படர்த்தி அளவுருவையும் கடலுக்கு 1.024 என்று வைக்க வேண்டும். நன்னீர் மதிப்பான 1.0-ஐ விட்டுவிட்டால் 20 மீட்டர் ஆழம் 20.48 ஆகப் பதிவாகும்.

## வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டு நிபுணரிடம் போக வேண்டிய நிலைகள்

கசிவு எச்சரிக்கை வந்தால், அல்லது மூடிய உறையைத் திறந்து மூடிய பிறகு வெற்றிடச் சோதனையில் 10 அங்குல மெர்க்குரி அழுத்தக் குறைவு 15 நிமிடத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் தளர்ந்தால், ஓ-ரிங்கை ஒருமுறை சுத்தம் செய்து கிரீஸ் தடவிப் பாருங்கள். மறுபடியும் தளர்ந்தால் நீரில் இறக்காதீர்கள். மேற்பரப்பில் நன்றாக இருக்கும் ஆழ அளவு, இறங்க இறங்க மெல்ல விலகிக்கொண்டே போனாலும், நன்னீரில் கழுவி ஒருநாள் உலரவைத்தும் அது மாறாவிட்டாலும், பிரஷர் சென்சாரை மாற்ற வேண்டும். டிவிஎல்லின் நான்கு கற்றைகளில் ஒன்று எந்தத் தரையிலும் பிடிக்கவில்லை என்றால் அதுவும் தயாரிப்பாளரிடம் போக வேண்டியது. டிவிஎல்லை நீருக்கு வெளியே நெடுநேரம் ஓடவிட்டால் சூடேறிவிடும், படகில் காத்திருக்கும்போது அதன் ஒலியை அணைத்து வையுங்கள்.

அனுப்பும்போது கோளாறு நடந்த ஓட்டத்தின் முழு லாக்கையும், எந்த நிமிடத்தில் நடந்தது என்பதையும், அளவுருக் கோப்பையும், சோனார் பொருத்திய இடத்தை அடியிலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்த படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். தரை மணலா சேறா பாறையா, நீர் தெளிவா கலங்கலா என்றும் எழுதுங்கள். ஆழம், தரையுயரம், கூட்டுத்தொகை மூன்றும் உள்ள வரைபடத்தை மேலே வையுங்கள்; பார்ப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.